வாடைக்காலத்து மனம்

காரைக்கால் நகரை ஒட்டிய வடபுறக் கடலோரத்தில் வரிசையாக அமைந்த மீனவ ஊர்களுள் ஒன்றாகிய கிளிஞ்சல்மேட்டில், ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம் நீடிக்கிறது. மிக நீண்ட பகலோ 12¾ மணி நேரம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, உண்ட களைப்புத் தீர ஒருவர் திண்ணையில் கண்ணயரும் நேரத்துக்கு மேல் இல்லை. மார்கழி இரவிலும் வெப்பம் 22 பாகைக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அருமை. ஆகவே, குளிர்காலத்தில் மனநலத்தைப் பேணுவது பற்றி வடபுலத்து நாடுகளில் எழுதப்படும் நூல்கள், ஒளிக் குறைவையும் உறைபனியையும் ஆதாரமாகக் கொண்டு கூறும் உபதேசங்களை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இவ்வூரார்முன் வைப்பதால் விளையும் பிரயோஜனம் சொற்பமே. எனினும், ஐப்பசி பிறந்து வாடை வீசத் தொடங்கியது முதல் தை பிறக்குமளவும், இக்கடற்கரையில் தூக்கம் கெடுவதும், வீட்டில் வாய்ச்சண்டை மிகுவதும், காரணமின்றி நெஞ்சு படபடப்பதும், குடி பெருகுவதும், எதிலும் பற்றற்றுச் சுவரில் சாய்ந்து கிடப்பதும் உண்டு என்பதை இங்கு வாழ்ந்தவர் எவரும் மறுக்கார். சூரியன் குற்றவாளி அல்லன் என்றால், குற்றவாளி யார்? இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே பரிகாரமும் அமைய வேண்டும் என்பதால், முதலில் வடபுலத்தாரின் ஆராய்ச்சி எதைக் கண்டது என்பதைச் சிறிது பார்ப்போம்.

பருவத்தோடு வந்து பருவத்தோடு நீங்கும் மனச்சோர்வைத் தனியொரு நோயாக இனங்கண்டு, தம் சகாக்களோடு சேர்ந்து 1984-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவர். தென் ஆப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து, 1976-இல் அமெரிக்கா சென்ற அவர், அங்குக் குளிர்காலம் வந்தவுடன் தம்முடைய ஊக்கமே குன்றுவதைக் கண்டு வியந்தார். அமெரிக்கத் தேசிய மனநல நிலையத்தில் அவர் பணிபுரிந்த காலத்தில், ஹெர்பர்ட் கெர்ன் என்ற பொறியாளர் ஆண்டுதோறும் ஏறியும் இறங்கியும் வந்த தம் மனநிலையைக் குறிப்பேட்டில் ஒழுங்காகப் பதிந்து வந்து, அக்குறிப்புகளுடன் ஆராய்ச்சியாளரைத் தேடி வந்தார். இத்துறையின் முதல் ஆராய்ச்சியாளர் ஒரு நோயாளியே என்று சொன்னால் மிகையாகாது. மிகுந்த ஒளி கண்ணிற் படும்போது மெலடோனின் என்னும் சுரப்பு அடங்குகிறது என்று ஆல்ஃபிரட் லூயியும் பிறரும் 1980-இல் மனிதரிடத்தில் நிரூபித்திருந்தமையால், 2,500 லக்ஸ் அளவுள்ள விளக்கின்முன் நோயாளிகளை உட்காரவைத்துப் பார்க்கும் சிகிச்சை பிறந்தது. பின்னாளில் அது, காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளியில் இருத்தல் என்ற எளிய வடிவம் பெற்றது.

இங்கே நாம் கவனிக்கத் தக்கது அந்நோயின் குறிகள். வடபுலத்துக் குளிர்காலச் சோர்வுற்றோர் பெரும்பாலும் மிகுதியாக உறங்குகின்றனர்; இனிப்பையும் மாப்பண்டத்தையும் நாடுகின்றனர்; உடல் பருக்கின்றனர். கிளிஞ்சல்மேட்டிலோ, காரைக்காலின் பிற கடலோர ஊர்களிலோ, வாடைக்காலத்தில் கேட்கும் முறையீடுகள் பெரிதும் இதற்கு நேர்மாறானவை: தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் வலி, மனசு ஒரு நிலையில் இல்லை. குறிகள் வேறாயின், காரணமும் வேறாக இருக்கலாம் என்று ஐயுறுவது நியாயமே. அது மட்டுமன்று, கருமேகம் மூடிய பகலிலும் வெட்டவெளியில் சில ஆயிரம் லக்ஸ் ஒளி இருப்பது சகஜம், விளக்கேற்றிய வீட்டினுள் இருப்பதோ சில நூறே. ஆகவே திண்ணையில் அமர்ந்த கிளிஞ்சல்மேட்டு மீனவர், கார்த்திகை மழைநாளிலும், ரோசந்தாலின் நோயாளிகள் விலை கொடுத்துப் பெற்ற ஒளியை விலையின்றிப் பெறுகிறார்.

உண்மையான ஒளிப்பஞ்சத்தை அநுபவிக்கும் காரைக்கால்காரரும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வசிப்பது பாரிஸ் நகரத்தின் புறநகர்களில். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதியிலிருந்து, குடியுரிமையின் வழியாகவும் உறவின் வழியாகவும் அங்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. டிசம்பர் மாதப் பாரிஸில் பகல் 8¼ மணி நேரமே. விடியுமுன் ரயில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்பும் அவர்களுக்கு ஒளிச் சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சி நேராகவே பொருந்தும். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் இருவரில், பாரிஸில் இருப்பவருக்கு ஒரு குளிர்காலமும் காரைக்காலில் இருப்பவருக்கு வேறொரு குளிர்காலமும் வாய்க்கின்றன.

ஒளிக்குறைவு மட்டுமே மனத்தை வாட்டும் என்பது வடபுலத்திலும் முழு உண்மையன்று. ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து எமில் துர்கேம் 1897-இல் வெளியிட்ட நூல், தற்கொலைகள் குளிரும் இருளும் மிகுந்த மாதங்களில் அல்லாமல், வசந்தத்தின் இறுதியிலும் வேனிலின் தொடக்கத்திலும் உச்சம் தொடுவதைக் காட்டிற்று. அதற்கு அவர் கூறிய காரணம் வானிலையன்று. பகல் நீள நீளச் சமுதாய வாழ்க்கையின் வேகம் கூடுகிறது என்பதே. இனி, வடதுருவ வட்டத்தை அடுத்த ஐஸ்லாந்தில் பருவச் சோர்வு மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்து 1993-இல் ஆராய்ந்தபோது, அமெரிக்கக் கீழ்க்கரையைக் காட்டிலும் அங்கே அது குறைவாகவே காணப்பட்டது. இருளோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் அதற்கு ஏற்ற ஒரு வாழ்க்கை முறையை அமைத்துக்கொண்டார்களோ, அல்லது அவர்களுடைய உடலமைப்பிலேயே ஏதேனும் விசேஷம் உண்டோ என்பது விவாதத்துக்கு உரியது. பருவம் மனத்தைத் தொடுவது வானத்தின் வழியாக மட்டுமன்று, வாழ்க்கை முறையின் வழியாகவும்தான் என்பது இவ்விரண்டினாலும் தெளிவாகிறது.

நம் முன்னோரின் இலக்கியம் இதனை அறியாததன்று. வாடைக்காலத்தையே பொருளாகக் கொண்ட நெடுநல்வாடையில், நக்கீரர் மழையிருள் மூடிய ஊரைக் காட்டும்போது, பொழுது சாய்ந்ததை வானத்தைப் பார்த்து அறிய இயலாத மகளிர், தட்டில் இட்டுவைத்த பிச்சியின் அரும்பு மலர்வதைக் கொண்டு மாலை வந்ததென அறிந்து விளக்கேற்றுவதாகக் கூறுகிறார். எத்துணை நுட்பமான அவதானம்! வானம் நேரத்தைச் சொல்ல மறுத்தபோது வேறொன்றைக் கொண்டு நாளின் வரம்பைக் காத்துக்கொள்கிறார்கள் அப்பெண்கள். இலக்கணம் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்ததும் இங்கு நினைக்கத் தக்கது. கடலுக்குச் சென்றவன் மீளும்வரை கரையில் இருப்பவரின் மனம் படும் பாட்டை அறிந்தவரே அப்படி வகுத்திருக்க முடியும்.

இனிக் கிளிஞ்சல்மேட்டு வாடைக்காலத்தை நெருங்கிப் பார்ப்போம். இப்பகுதியின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போதெல்லாம் காரைக்கால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. ஒன்றாம் எண் கூண்டு ஏறியதென்றால் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதும், மூன்றாம் எண் ஏறினால் கடுமையான வானிலை துறைமுகத்தையே தொடக்கூடும் என்பதும் சிறுபிள்ளைக்கும் தெரியும். 2008 நவம்பரில் நிஷா காரைக்காலுக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் புகுந்து டெல்டாவையே புரட்டிப்போட்டது. ஆனால் பெயர் பெற்ற புயல்கள் சிலவே. பெயர் பெறாத தாழ்வுகளும், கடலுக்குச் செல்ல வேண்டாம் என்னும் அறிவிப்புகளும், ஒரு நாள் போய் இரண்டு நாள் இருந்து மறுநாள் பாதியில் திரும்புவதும்தான் இப்பருவத்தின் இயல்பு. படகுகள் கரையேறிக் கிடக்கும். கருவாடு காய வெயில் இராது. மீன்பிடி இல்லை எனப் பொருள்படும் 'பாடு இல்லை' என்ற சொல் வீட்டுக்கு வீடு கேட்கும். வல்லமையுள்ள சிலர் கோடியக்கரைக்குச் சென்று, அங்கு அக்டோபர் முதல் நடைபெறும் பருவகால மீன்பிடியில் சேர்ந்துகொள்வர்; எஞ்சியோர் வானத்தையும் கைப்பேசியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு இருப்பர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டே, விசைப்படகுகள் யாவும் அப்போதும் கரையில்தானே நிற்கின்றன, அந்தச் சோம்பல் மனத்தைக் கெடுக்காமல் இந்தச் சோம்பல் மட்டும் கெடுப்பானேன் என்று கேட்கலாம். என் விசாரணையின் திறவுகோல் இந்த ஆட்சேபத்திலேயே இருக்கிறது என்பது என் துணிபு. தடைக்காலத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. இன்ன நாளில் படகை ஏற்றி, இன்ன நாளுக்குள் பழுது பார்த்து வண்ணம் பூசி, இன்ன வாரத்தில் கலியாணத்தை முடித்து, இன்ன நாளில் இறக்குவது என்று ஊரே திட்டமிட்டு வாழும். அது வேலையற்ற காலமன்று. வேறு வேலையின் காலம். வாடைக்காலத்துச் சோம்பலோ தவணை தவணையாக வருவது. நாளைக்குப் போகலாமா என்பது இன்று இரவு வரை தெரியாது. இரவு தெரிந்தாலும் விடியற்காலம் மாறிவிடும். இரண்டு மணிக்கு எழ வேண்டியிருக்குமோ என்று அரைத்தூக்கம் தூங்கியவர், இல்லை என்று தெரிந்த பின் மறுபடி கண்ணயர முடியாமல், எட்டு மணிக்கு எரிச்சலோடு எழுகிறார். இப்படிப் பதினைந்து நாள் கழிந்தால், எத்தனை திடசித்தம் உள்ளவரும் நிலைகுலைவர்.

மூளையின் அடித்தளத்தில் உடலின் கடிகாரம் ஒன்று இருப்பதும், அதனை நாள்தோறும் திருத்தி வைப்பதில் ஒளிக்கே முதன்மை என்பதும் மெய்யே. ஆயினும், வேலைக்குப் புறப்படும் நேரம், உண்ணும் நேரம், பிறருடன் கூடிப் பேசும் நேரம் ஆகிய சமுதாய நியதிகளும் அக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கின்றன என்றும், அவை திடீரெனக் கலையும்போது உறக்கமும் பசியும் தாறுமாறாகி, சோர்வுநோய்க்கு வாசல் திறக்கிறது என்றும், ஏலர்ஸ், எலன் ஃபிராங்க், குப்ஃபர் ஆகியோர் 1988-இல் ஒரு கொள்கையை முன்வைத்தனர். நார்வேக்காரரிடமிருந்து குளிர்காலம் பறிப்பது ஒளியை. கிளிஞ்சல்மேட்டாரிடமிருந்து பறிப்பது நாளின் சட்டத்தை.

சட்டம் கழன்ற நாள் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு, கடலே இல்லாத நாட்டிலிருந்து ஒரு சான்று உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவை அடுத்த மரியன்தால் என்ற சிற்றூரில், ஊருக்கே சோறிட்ட நெசவாலை மூடப்பட்ட பின்னர், மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹன்ஸ் சைசல் ஆகிய மூவரும் ஒரு குழுவுடன் சென்று ஆராய்ந்து, 1933-இல் தங்கள் நூலை வெளியிட்டனர். நேரம் ஏராளமாகக் கிடைத்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்போர் தொகை சரிந்துவிட்டது. கைக்கடிகாரத்துடன் மறைந்திருந்து தெருவில் நடப்போரின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களோ நிற்காமல் விரைந்தார்கள்; ஏனெனில் ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை. கூலிக்கு அப்பால் வேலை மனிதனுக்கு அளிப்பவை ஐந்து என்று யகோடா பிற்காலத்தில் வகுத்தார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பொதுநோக்கில் பங்கு, சமுதாயத்தில் ஓர் இடம், உடலுக்கும் மனத்துக்கும் ஓயாத செயல். படகு கரையேறிய நாளில் இவ்வைந்தும் ஒருங்கே கரையேறிவிடுகின்றன.

மரியன்தாலின் பெண்களைப் பற்றிக் கூறியது இங்கும் பொருந்தும். ஆனால் இன்னும் கடுமையாக. மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து காரைக்கால் அங்காடிக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் கொண்டு செல்லும் பெண்களுக்கு வாடைக்காலம் இருமுனைக் கத்தி. மீன் வரத்துக் குறைகிறது. வந்த மீனையும் வாங்குவார் குறைகிறார்கள். கார்த்திகை முதல் தேதியில் ஐயப்பனுக்கு மாலையிட்டவர் வீடுகளில் மீன் புகாது. மார்கழியில் மற்றும் பல வீடுகளில் புகாது. கடனுக்கோ ஓய்வில்லை. மகளிர் குழுவின் வாரத் தவணைக்கு வாடையும் தெரியாது, கொண்டலும் தெரியாது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, ஒழுகும் கூரை, காயாத துணி, வீட்டிலேயே இருக்கும் கணவன், அவனுடைய கோபம் இவையனைத்தையும் தாங்குவது அவள் தலை. இம்மாதங்களில் மருத்துவரிடம் தலைவலி, முதுகுவலி என்று போகும் பெண்களிடம் மாத்திரையோடு நிறுத்தாமல், வீட்டில் தவணை கட்டியாயிற்றா என்றும் ஒரு கேள்வி கேட்பது நல்ல வைத்தியமாகும். வலி பொய்யென்று சொல்லவில்லை; மனத்தின் துயரம் நம்மவரிடத்தில் பெரும்பாலும் உடம்பின் வாயால்தான் பேசுகிறது.

குடியைப் பற்றிப் பேசாமல் இவ்வாராய்ச்சி பூர்த்தியாகாது. பேசினால் உபதேசமாகிவிடும் என்ற அச்சமும் உண்டு. காரைக்காலில் மது மலிவு. சாராயக் கடைகள் சட்டப்படி நடைபெறும் பிரதேசம் இது. பாடு உள்ள நாளில் உடல் வலி தீரக் குடித்தவர், பாடு இல்லாத நாளில் நேரம் தீரக் குடிக்கிறார். மது உறக்கத்தைத் தருவதுபோல் தொடங்கிப் பின்னிரவில் அதனைத் தானே கலைத்துவிடும் என்பது உடற்கூற்று நியதி. ஆகவே தூக்கத்துக்காகக் குடிப்பவர் தூக்கத்தையே இழக்கிறார். இதனோடு அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு: நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர், கையில் காசின்றியோ, புயல் முகாமில் அடைபட்டோ திடீரென நிறுத்த நேர்ந்தால், கை நடுக்கமும் வலிப்பும் மதிமயக்கமும் தோன்றக்கூடும், அது பேய்பிசாசின் வேலையன்று, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஆபத்து.

இவை யாவற்றின் அடியிலும் ஒரு நினைவு படுத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அன்று புயல் இல்லை, மழை இல்லை, கூண்டு ஏறவில்லை. காலை ஆறரை மணி அளவில் சுமத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அலை இக்கரையை அடைந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மாண்ட ஏறத்தாழ 600 பேரில் பெரும்பாலோர் காரைக்கால் கடலோர ஊர்களைச் சேர்ந்தவர்கள். புயலின் அச்சத்துக்கு வானம் முன்னறிவிப்புத் தரும். தெளிந்த வானமும் அமைதியான கடலும் இருந்த நாளில் வந்த அழிவை அநுபவித்தவருக்கு அமைதியே அச்சம் தருவதாகிவிட்டது. ஆண்டுதோறும் மார்கழியில், கடலில் பால் ஊற்றி மலர் தூவி ஊர் துயரம் கொண்டாடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே சிலருக்கு உறக்கம் போய்விடுகிறது. நினைவுநாளை ஒட்டித் துயரம் திரும்பி எழுவது மனநூலார் நன்கறிந்த ஒன்று. இது புத்திக் கோளாறன்று என்று அவர்களிடம் எடுத்துச் சொல்வதே பாதி ஆறுதல்.

பேரலைக்கு இரண்டு மாதத்துக்குப் பின்னர்த் தமிழகக் கடற்கரையின் மீனவ ஊர் ஒன்றில் நடந்து, 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அவ்வூர் மக்களில் நூற்றுக்கு 12.7 பேரிடம் பேரதிர்ச்சியின் பின்விளைவாகிய மனநோயைக் கண்டது. யாரிடம் அது மிகுந்திருந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது: காயமுற்றவரிடம், பெண்களிடம், வீட்டில் வருமானம் அற்றுப்போனவரிடம். ஆராய்ச்சியாளர்களே வருவாய்க்கு வழி செய்வதை மனநலப் பணியின் ஓர் அங்கமாக வற்புறுத்தினர். அக்காலத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களைப் பயிற்றி, வீடு வீடாகச் சென்று கேட்கவும் பேசவும் கற்பித்தது பயன்தந்த வழி. ஒரே அமர்வில் துயரத்தைக் கொட்டச் செய்து அனுப்பிவிடும் முறையால் நன்மை இல்லை என்பது அதற்கு முன்பே ஆராய்ச்சிகளால் தெளிவாகியிருந்தும், வெளியிலிருந்து வந்த குழுக்கள் சில அதனையே செய்தன. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

பழைய அச்சத்தின்மேல் புதிய அச்சமும் ஏறிவருகிறது. 2025 ஜனவரி 28 விடியலில், நெடுந்தீவை அடுத்த கடலில் காரைக்கால் விசைப்படகு ஒன்றின்மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் மீனவர் காயமுற்றனர். படகிலிருந்த 13 பேரும் பிடிபட்டனர். எல்லைப் பிரச்சினையின் நியாய அநியாயங்களை ஆராய்வது இங்கு நோக்கமன்று. இரு கரையிலும் வலை வீசுவோர் தமிழரே என்பதும், இலங்கை வடபகுதி மீனவரின் முறையீட்டிலும் நியாயம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பல நாள் பாடு இல்லாமல் இருந்தவர், வானம் தெளிந்த அன்று கடனுக்கு அஞ்சி எல்லையை நெருங்கத் துணிகிறார் என்பதையும், அவர் திரும்பும்வரை வீட்டில் ஒருவரும் கண்மூடார் என்பதையும் மனநலக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேலும் குழுவினரும் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் ஆலோசகர்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில், சோர்வுற்றவருக்கு நாளின் செயல்களைச் சிறிது சிறிதாகத் திட்டமிட்டுத் தொடங்கக் கற்பித்தே நல்ல குணம் கண்டனர். உற்சாகம் வந்த பின் செயல்படலாம் என்று காத்திராமல், செயலைத் தொடங்கி உற்சாகத்தை அதன்பின் வரவழைப்பதே இம்முறையின் சாரம். குளிர்காலச் சோர்வுக்கே, ஒளிச் சிகிச்சை பெற்றவரையும் எண்ணத்தையும் செயலையும் பழக்கும் சிகிச்சை பெற்றவரையும் ஒப்பிட்டு, கெல்லி ரோகன் அமெரிக்காவின் வெர்மான்டில் ஆராய்ந்தபோது, இரண்டாம் குளிர்காலத்தில் நோய் மீண்டது ஒளி பெற்றவரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினருக்கு, பழக்கம் பெற்றவரில் 27 விழுக்காட்டினருக்கு மட்டுமே. விளக்கை அணைத்தால் ஒளி போய்விடும். பழக்கம் அடுத்த ஆண்டுக்கும் வரும்.

இத்தகைய பழக்கத்துக்குரிய சாலை ஒன்று கடற்கரையில் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் வலைக்கொட்டகை. கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்களின் பிசிறுகளைக் கத்தியால் அறுத்துச் சீர்செய்து, நூல் சுற்றிய ஊசியை மேலிருந்து கீழாக ஓட்டி, ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் அழுத்தி இறுக்கும் கிழவர், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கண்ணின் அளவு பிசகாமல் கட்டுகிறார். அவ்விடத்தில் யகோடா சொன்ன ஐந்தில் நான்கு கிடைத்துவிடுகின்றன. கிடைக்காதது ஓர் ஒழுங்கான நேரமே. பாடு இல்லாத நாளிலும் காலை ஏழு மணிக்கு வலைக்கொட்டகை என்று ஊர் தன்னளவில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், உறக்கம் விழிப்பு இரண்டும் ஓரளவு ஸ்திரப்படும். காலை ஒளியும் கூடவே கிடைக்கும். கடல் அறிவிப்பை நள்ளிரவு வரை கைப்பேசியில் தேடுவதைக் காட்டிலும், மாலையில் ஒருவர் பார்த்துச் சொல்ல, ஊர்ப் பஞ்சாயத்தார் போவதா இல்லையா என்று ஒரே முடிவாக அறிவிப்பது, அத்தனை வீடுகளின் அரைத்தூக்கத்தையும் முழுத்தூக்கமாக்கும். கடற்கரையை விட்டு உள்ளே கட்டப்பட்ட குடியிருப்புகளில் கதவடைத்துக் கிடக்கும் முதியவர்களைப் பகலில் வெளியே அழைத்து உட்காரவைப்பதும் இதனோடு சேர்ந்ததே.

மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, எங்கள் மாப்பிள்ளை வருகிறார் என்று மீனவர் எதிர்கொண்டு கொண்டாடும் வழக்கம் காரைக்காலில் பிரசித்தம். வாடைக்காலம் முடிந்த பின் வரும் விழா அது. மார்கழிக்குள்ளும் அத்தகைய கூட்டு வேலை ஒன்று, அது விழாவோ, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தயமோ, எதுவாயினும், கடற்கரைக்கு உரித்தாக இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

இவற்றால் தீராதவையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீங்காமல், உண்ணாமலும் உறங்காமலும் இருந்து, வாழ்வதே பாரம் என்று ஒருவர் பேசத் தொடங்கினால், அவரைத் தனியே விடாமல் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நள்ளிரவாயினும், மைய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் இத்தகைய சிகிச்சை பெறுவதைக் குடிமக்களின் உரிமையாகவே வகுத்திருக்கிறது. ஆகவே கூச்சத்துக்கு இடமில்லை.

அரசாங்கத்தாருக்கும் கடன் வழங்குவோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. புதுவை அரசு மீனவக் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணம் வழங்குவது பாராட்டத் தக்கது. ஆனால் மனத்தைக் காக்கும் நிவாரணத்துக்குத் தொகையைப் போலவே நாளும் முக்கியம். எப்போது வரும் என்று தெரியாத பணம், எப்போது போகலாம் என்று தெரியாத கடலைப் போலவே உறக்கத்தைக் கெடுக்கும். ஐப்பசி முதல் வாரம் என்று நாள் குறித்துக் கொடுத்தால், அதே தொகை இருமடங்கு வேலை செய்யும். அதுபோலவே, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும் வாரங்களில் மகளிர் குழுக்களின் தவணையை அபராதமின்றி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பது என்று ஒரு விதி செய்துகொள்ளலாம். அதற்கு மருத்துவத் துறையின் அநுமதி வேண்டியதில்லை. கடன் கொடுப்போரும் குழுத் தலைவியரும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் புரட்டாசி கழியுமுன் ஒரு மாலை கூடிப் பேசினால் முடிந்துவிடும்.